37–37–2: அமெரிக்காவின் 1881 செனட்டை ஏற்காட்டில் மாதிரி அவையாக நடத்துவது எப்படி?

கேள்வி: குகை வாசகன்

வணக்கம். சேலத்திலிருந்து கல்லூரி மாணவர்கள் 42 பேரை ஏற்காட்டுக்கு அழைத்துப்போய் ஒருநாள் மாதிரி அவை நடத்த ஏற்பாடு நடக்கிறது. வழக்கம்போல நம் மக்களவையையே எடுக்காமல், இரு தரப்பும் சரிசமமாக நின்ற ஓர் அவையை எடுத்தால் மாணவர்கள் விதிகளை உண்மையில் படிப்பார்கள் என்று பட்டது. அதனால் அமெரிக்காவின் 47-வது காங்கிரஸ் (அவர்கள் நாடாளுமன்றம்), அதாவது 1881 மார்ச் 4 முதல் 1883 மார்ச் 4 வரையிலான காலம். பிரதிநிதிகள் அவையை விட்டுவிட்டு செனட்டை மட்டும் நடத்துவதாகத் திட்டம்.

அப்போது 38 மாநிலங்கள், 76 செனட்டர்கள். குடியரசுக் கட்சி 37, ஜனநாயகக் கட்சி 37, எந்தப் பக்கமும் சேராதவர்கள் 2. இதுவரை சரி. சந்தேகங்கள் இனிமேல்தான்.

42 பேரை வைத்து 76 பேர் அவையைக் காட்டினால் கணக்கு கெட்டுவிடாதா? இரண்டு வருடத்தில் எந்தெந்த நாளை எடுப்பது? வாக்கு சமமானால் தலைமையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? நம் அரசியலமைப்பில் இருப்பது போலத்தானா? தொடக்க உரையில் சேலத்தோடு சேர்த்துச் சொல்ல அந்தக் காலத்து விஷயம் ஏதாவது உண்டா? காலை 10.30-க்கு ஆரம்பித்து, மலையில் பனி இறங்குவதற்கு முன் 3.30-க்கு பஸ் ஏறியாக வேண்டும்.

பதில்: அஸ்தம்பட்டி ஆசிரியர்

கணக்கு கெடாது. இந்த அவையில் மொத்த எண்ணிக்கை பெரிதல்ல, வித்தியாசம்தான் பெரிது. சுயேச்சைகள் இரண்டு பேரை அப்படியே வைத்துக்கொண்டு கட்சிகளைத் தலா 18 ஆக்குங்கள். 18, 18, 2. ஆக 38 வாக்கு. மீதி நான்கு பேரில் ஒருவர் துணை அதிபர், ஒருவர் அவைச் செயலர், ஒருவர் சபைக் காவலர், ஒருவர் நேரம் பார்ப்பவர். 42 சரியாகப் போய்விடும்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். காலி இடங்களைப் பாதியாக்காதீர்கள். நிஜத்தில் எத்தனை இடம் காலியோ அத்தனையையும் முழுசாகக் காலி வையுங்கள். இந்தக் காங்கிரஸைப் படிப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். 37–37 என்று காகிதத்தில் எழுதியிருக்கும். அன்றைய தினம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் கதையே வேறு.

மார்ச் 4 அன்று செனட் சிறப்புக் கூட்டமாகக் கூடியது. அடுத்த சில நாளிலேயே புதிய அதிபர் கார்பீல்டு தன் அமைச்சரவைக்கு மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களை எடுத்துக்கொண்டார்: மெய்ன் மாநிலத்தின் பிளெய்ன், மினசோட்டாவின் விண்டம், அயோவாவின் கிர்க்வுட். விஸ்கான்சினின் கார்பென்டர் பிப்ரவரி 24-ஆம் தேதியே இறந்துவிட்டார். ஆக நான்கு நாற்காலி காலி, நான்கும் ஒரே கட்சியுடையவை. நிஜத்தில் 37 என்பது 33 ஆனது. உங்கள் அவையில் 18 என்பது 14 ஆகும். எதிர்ப்பக்கத்தோடு உள்ள இடைவெளி இரண்டிலும் 4. இதனால்தான் பாதியாக்கினாலும் நாடகம் கெடாது என்கிறேன்.

அப்போது செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநில சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. 1913-ல் 17-வது திருத்தம் வந்த பிறகுதான் நேரடித் தேர்தல். அதனால் ஓர் இடம் காலியானால், சட்டமன்றம் கூடியிருந்தால் அது தேர்ந்தெடுக்கும். இல்லையென்றால் ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை நியமிப்பார். இந்த நாலு பேருக்கும் பதிலாள் ரயில் ஏறி வாஷிங்டன் வந்துசேர மார்ச் 18 ஆகிவிட்டது. அதற்குள் குழுக்களைக் கைப்பற்றிவிட ஜனநாயகக் கட்சி அவசரப்பட்டது. குடியரசுக் கட்சியோ பேசிப் பேசியே நாளைக் கடத்தியது. இதை மாணவர்கள் செய்து பார்க்க வேண்டும்.

கூடத்தின் வாசலோரம் ஒரு பெஞ்ச் போட்டு, அந்த நாலு பேரையும் அங்கே உட்கார வையுங்கள். நேரம் பார்ப்பவர் மணி அடித்ததும் ஒவ்வொருவராக உள்ளே வந்து பதவியேற்கட்டும். ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் எதிர்ப்பக்கத்து முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

பெயர்ப் பட்டியலைக் கட்சிவாரியாக அச்சடிக்காதீர்கள். செனட்டில் பெயர் அழைப்பது அகர வரிசையில். கட்சிவாரியாக அழைத்தால் பாதியிலேயே முடிவு தெரிந்துவிடும். கலந்து அழைத்தால் கடைசி நாலைந்து பெயர் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெயருக்கு 4 வினாடி வைத்தால் 38 பெயருக்கு இரண்டரை நிமிடம். சரிபார்ப்பையும் சேர்த்தால் 4 நிமிடம். ஒரு நாளில் எட்டுப் பத்து முறை பெயர் அழைக்க வேண்டியிருக்கும் என்பதை நேரக் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

பதில்: சேர்வராயன் மலை

எந்த நாள் என்று கேட்டீர்கள். மூன்று அமர்வு போதும். நாலாவது வைத்தால் பஸ்ஸைத் தவறவிடுவீர்கள்.

முதல் அமர்வு, 1881 மார்ச் 14 முதல் 18 வரை. இரண்டு சுயேச்சைகளில் இலினாய் மாநிலத்தின் டேவிட் டேவிஸ், அவை அமைப்பில் (குழுக்களும் அலுவலர் பதவிகளும் யாருக்கு என்பதில்) ஜனநாயகக் கட்சியோடு வாக்களிப்பதாகச் சொல்லிவிட்டார். அவரையும் சேர்த்து அந்தப் பக்கம் 38. மிஞ்சியவர் வர்ஜீனியாவின் வில்லியம் மஹோன். உள்நாட்டுப் போரில் தென்பகுதிப் படையின் தளபதி. ஆள் குள்ளம், ஒல்லி. ‘ரீஅட்ஜஸ்டர்’ என்ற மாநிலக் கட்சியின் தலைவர். போருக்கு முன் வர்ஜீனியா வாங்கிய கடனை முழுசாக அடைக்க முடியாது, ஒரு பகுதியைக் குறைத்து, பிரிந்துபோன மேற்கு வர்ஜீனியாவும் அதன் பங்கை ஏற்க வேண்டும், மிச்சமாகும் பணத்தில் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்பது அந்தக் கட்சியின் கொள்கை. ‘ரீஅட்ஜஸ்ட்’ என்பது கடனைச் சீர்செய்வதைத்தான் குறிக்கிறது. மாணவர்களுக்கு இதைச் சொல்லாவிட்டால் மஹோன் ஏதோ பேரம் பேசிய ஆளாக மட்டும் தெரிவார். கறுப்பின வாக்காளர்களின் ஆதரவும் அந்தக் கட்சிக்கு இருந்தது. குடியரசுக் கட்சியோடு அவர் சேர்ந்ததற்கு அது பெரிய காரணம்.

மார்ச் 14 அன்று ஜார்ஜியாவின் பெஞ்சமின் ஹில் எழுந்து, நம் பக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த யார் அந்தப் பக்கம் போகப்போகிறார் என்று பேர் சொல்லாமல் சீண்டினார். மஹோன் எழுந்து நேருக்கு நேர் பதில் சொன்னார். ஜனநாயகக் கட்சியின் ஆளாகத் தான் வரவில்லை, வர்ஜீனியாவின் ஆளாக வந்திருக்கிறேன் என்பது அவர் பேச்சின் சாரம். அதோடு 38–38.

மார்ச் 18 அன்று குடியரசுக் கட்சியின் குழுப் பட்டியல் வாக்குக்கு வந்தது. சமம். துணை அதிபர் செஸ்டர் ஆர்தர் தன் வாக்கைப் போட்டு அதை நிறைவேற்றினார். மஹோனுக்கு வேளாண்மைக் குழுவின் தலைமை கிடைத்தது. அவருடைய மேசைக்கு வெள்ளை மாளிகையிலிருந்து பூங்கொத்து வந்தது. நீங்களும் ஒரு பூங்கொத்து கொண்டுபோங்கள். வாக்கு முடிந்த கையோடு சபைக் காவலர் அதைக் கொண்டுவந்து மஹோன் மேசையில் வைக்க வேண்டும், ஒரு வார்த்தை பேசாமல். எதிர்ப்பக்கம் அன்று எவ்வளவு கொதித்திருக்கும் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது அமர்வு, மார்ச் கடைசி முதல் மே 16 வரையிலான இழுபறி. மூன்றாவது, அக்டோபர் 10-உம் 13-உம். அதை மதியச் சாப்பாட்டுக்குப் பின் வையுங்கள்; தூக்கம் கலைக்கும் அமர்வு அதுதான்.

டேவிஸுக்கும் மஹோனுக்கும் தனித்தனி உறையில் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்து, மற்ற யாருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு வேடத்துக்கும் நன்றாகப் பேசுகிறவர்களை விட, வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்துப் போடுங்கள்.

பதில்: அரசியலமைப்பு பெஞ்ச்

சம வாக்கு பற்றி மட்டும் சொல்கிறேன். மாணவர்கள் நம் அரசியலமைப்பின் பிரிவு 100-ஐ மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அது அங்கே அப்படியே பொருந்தாது.

நம் மாநிலங்களவைக்கும் அமெரிக்க செனட்டுக்கும் மேலோட்டமான ஒற்றுமை உண்டு: இரண்டுக்கும் துணைக் குடியரசுத் தலைவர்தான் தலைவர், அவர் உறுப்பினர் அல்ல, முதல் சுற்றில் வாக்கு இல்லை. ஆனால் நம் பிரிவு 100, வாக்கு சமமானால் தலைமையில் இருப்பவர் வாக்களித்தே ஆக வேண்டும் என்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லை. அவர் சும்மா இருந்தால் தீர்மானம் தோற்றுவிடும். சமம் என்றாலே அங்கே தோல்விதான். எனவே ஒரு தீர்மானத்தைத் தோற்கடிக்க ஆர்தர் வாக்களிக்கவே தேவையில்லை. ஜெயிக்க வைக்கத்தான் அவர் வாக்கு தேவை. உங்கள் துணை அதிபர் மாணவர் சமமானவுடன் ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது வீண் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் முக்கியம். நம் மாநிலங்களவையில் துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கும் முதல் சுற்றில் வாக்கு கிடையாது. சமமானால் மட்டும் உண்டு. செனட்டின் தற்காலிகத் தலைவர் அப்படியல்ல. அவர் ஒரு மாநிலத்தின் செனட்டர். மற்றவர்களைப் போல ஒரு வாக்கு போடலாம். சமமானால் இன்னொரு வாக்கு கிடையாது. ஆர்தர் 1881 செப்டம்பரில் அதிபரானார். துணை அதிபர் இடம் காலியானால் நிரப்ப அப்போது வழியே இல்லை. 1967-ல் 25-வது திருத்தம் வந்துதான் வழி பிறந்தது. ஆக மூன்றாவது அமர்வில் சமத்தை உடைக்க அவையில் ஒரு ஆளும் இல்லை. துணை அதிபர் வேடத்தில் இருந்த மாணவரை மேடையிலிருந்து இறக்கிவிட்டு நாற்காலியைக் காலியாகவே வையுங்கள்.

கட்சித் தாவல் தடைச் சட்டத்தையும் மறக்கச் சொல்லுங்கள். அது நம்மிடமே 1985-ல்தான் வந்தது. கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்ற பயம் அங்கே யாருக்கும் கிடையாது. ‘மஹோனைத் தகுதிநீக்கம் செய்ய வேண்டும்’ என்று யாராவது எழுந்தால், எந்த விதியின் கீழ் என்று தலைமை கேட்கட்டும்.

குகை வாசகன்

மூவருக்கும் நன்றி. ஒன்று புரியவில்லை. மார்ச் 18-ல் ஆர்தர் வாக்கால் குழுக்களைப் பிடித்த கட்சி, அதே வாக்கால் செயலரையும் சபைக் காவலரையும் மாற்றியிருக்கலாமே? ஏன் இரண்டு மாதம் இழுத்தது?

பதில்: சேர்வராயன் மலை

வாக்கெடுப்பு வரைக்கும் விஷயத்தைக் கொண்டுபோனால்தானே ஆர்தரின் வாக்கு உதவும்? செனட்டில் அப்போது விவாதத்தை முடித்துவைக்கும் விதியே கிடையாது. அந்த விதி 1917-ல்தான் வந்தது. பேசுகிறவர் உட்காரும் வரை பேச்சு. அவர் உட்கார்ந்தால் இன்னொருவர் எழுந்து ‘அவையை ஒத்திவைக்க வேண்டும்’ என்பார்; அதற்கு ஒரு பெயர் அழைப்பு. அது தோற்றால் ‘நியமனங்களைப் பரிசீலிக்க மூடிய அமர்வுக்குப் போக வேண்டும்’ என்பார், அதற்கு இன்னொன்று. இப்படியே பொழுது போய்விடும்.

அப்போது பதவியில் இருந்த செயலர் ஜான் பர்ச், சபைக் காவலர் ரிச்சர்ட் பிரைட். இருவரும் முந்தைய காங்கிரஸில் ஜனநாயகக் கட்சி வைத்த ஆட்கள். குடியரசுக் கட்சி நிறுத்தியவர்கள் ஜார்ஜ் கோர்ஹாம், ஹாரிசன் ரிடில்பெர்கர். ரிடில்பெர்கர் மஹோனின் ஆள். அதுதான் எதிர்ப்பக்கத்தை உறுத்தியது. பூங்கொத்தையாவது பொறுத்துக்கொண்டிருப்பார்கள், இதைப் பொறுக்கவில்லை.

இந்த அமர்வை நடத்தும்போது பேச்சுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கவே வைக்காதீர்கள். மாதிரி அவை நடத்துகிறவர்கள் கைப்பழக்கமாக ‘ஆளுக்கு மூன்று நிமிடம்’ என்று போட்டுவிடுவார்கள். போட்டால் இந்த இழுபறி செத்துவிடும். அதற்குப் பதில் வெளியிலிருந்து அழுத்தம் கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் பார்ப்பவர் எழுந்து, அதிபர் அனுப்பிய நியமனங்கள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன என்று ஒரு தாளை வாசிக்க வேண்டும். மார்ச் 23 என்ற தேதி வரும்போது வாசிக்க வேண்டிய பெயர் வில்லியம் ராபர்ட்சன். பதவி, நியூயார்க் துறைமுகச் சுங்க அதிகாரி.

அந்த ஒரு பெயர் குடியரசுக் கட்சியையே இரண்டாகப் பிளந்தது. நாட்டின் சுங்க வருமானத்தில் பெரும்பங்கு நியூயார்க் துறைமுகத்தில்தான் வசூலானது. அங்கே யாருக்கு வேலை என்று முடிவுசெய்பவர் மாநிலக் கட்சியையே கையில் வைத்திருப்பவர். அந்த இடம் நியூயார்க் செனட்டர் ராஸ்கோ காங்க்லிங்கின் கோட்டை. துணை அதிபர் ஆர்தரே முன்பு அந்தச் சுங்க அதிகாரியாக இருந்தவர்தான். ராபர்ட்சனோ காங்க்லிங்கின் எதிரி. மே மாதத் தொடக்கத்தில் குடியரசுக் கட்சி தோல்வியை ஒப்புக்கொண்டு, அலுவலர் தேர்தலைக் கைவிட்டு நியமனங்களுக்குப் போனது. ராபர்ட்சன் ஜெயித்துவிடுவார் என்று தெரிந்ததும் மே 16 அன்று காங்க்லிங்கும் சக நியூயார்க் செனட்டர் தாமஸ் பிளாட்டும் ராஜினாமா செய்தார்கள். காங்க்லிங் போனதும் பின்னாலேயே போனதால் பிளாட்டுக்கு ‘நானும்’ என்றே பட்டப்பெயர் விழுந்தது. தங்கள் மாநிலச் சட்டமன்றம் தங்களைத் திரும்பவும் தேர்ந்தெடுத்து அனுப்பும், கார்பீல்டுக்கு மூக்கறுபடும் என்பது இருவரின் கணக்கு. சட்டமன்றம் ஜூலை வரை இழுத்து, வார்னர் மில்லர், எல்பிரிட்ஜ் லாபம் என்ற வேறு இருவரை அனுப்பியது.

மே 18-ல் ராபர்ட்சன் உறுதிசெய்யப்பட்டார். ஆனால் அவையில் கணக்கு மாறிவிட்டது. குடியரசுக் கட்சி 35, மஹோனோடு 36. எதிர்ப்பக்கம் டேவிஸோடு 38. உங்கள் அவையில் 17-க்கு 19. இரண்டு மாதம் காத்து நின்ற இழுபறியை, ஒரு கட்சி தன் சொந்த ஆட்கள் இரண்டு பேரால் இழந்தது.

பதில்: அஸ்தம்பட்டி ஆசிரியர்

மூன்றாவது அமர்வுக்கு முன் பத்து நிமிடம் பின்னணி சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அக்டோபர் 10 புரியாது.

அமெரிக்காவில் அப்போது நடைமுறையில் இருந்தது 1792-ன் வாரிசுச் சட்டம். அதிபரும் துணை அதிபரும் இல்லையென்றால் செனட்டின் தற்காலிகத் தலைவர், அவரும் இல்லையென்றால் பிரதிநிதிகள் அவையின் சபாநாயகர். ஆனால் தற்காலிகத் தலைவரை எப்போது தேர்ந்தெடுப்பார்கள்? துணை அதிபர் அவையில் இல்லாதபோதுதான். அதனால் கூட்டத்தொடர் முடியும் தறுவாயில் துணை அதிபர் வேண்டுமென்றே எழுந்து வெளியே போவார். அவை ஒரு தற்காலிகத் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கலையும். 1881 மே 20-ல் ஆர்தர் அப்படி எழுந்து போகவில்லை. போயிருந்தால் 38–36 என்ற கணக்கில் ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் அடுத்த வாரிசாகியிருப்பார்.

ஜூலை 2-ல் கார்பீல்டு சுடப்பட்டார். செப்டம்பர் 13-ல் ரோட் ஐலண்டின் குடியரசுக் கட்சி செனட்டர் பர்ன்சைடு இறந்தார். செப்டம்பர் 19 இரவு கார்பீல்டு இறந்தார். 20-ஆம் தேதி அதிகாலை இரண்டு மணி தாண்டி நியூயார்க்கில் தன் வீட்டில் ஆர்தர் பதவியேற்றார். அந்த நிமிடத்தில் வரிசையை எண்ணிப் பாருங்கள். துணை அதிபர் இல்லை. தற்காலிகத் தலைவர் இல்லை. புதிய பிரதிநிதிகள் அவை டிசம்பர் 5-ல்தான் கூடும். அதனால் சபாநாயகரும் இல்லை. ஆர்தருக்கு வழியில் ஏதாவது ஆனால் நாட்டுக்குத் தலைமையே இல்லை. செனட்டைக் கூட்டும் பிரகடனத்தை எழுதி, அதை வெள்ளை மாளிகைக்குத் தபாலில் போட்டுவிட்டுத்தான் அவர் நியூயார்க்கை விட்டுக் கிளம்பினார். அந்த உறையை மேடையில் காட்டுங்கள். பதவி யார் கையில் என்று தெரியாத ஒரு நாட்டின் நிலைமையை ஒரு தபால் உறை சொல்லிவிடும்.

நம்மிடமும் இப்படி ஓர் ஓட்டை இருந்தது. 1969 மே 3-ல் ஜாகீர் உசேன் இறந்தார். துணைக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி பொறுப்பேற்றார். கிரியும் போனால் யார் என்பதற்கு அந்த மாதமே சட்டம் போட்டார்கள்: உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. ஜூலை 20-ல் கிரி ராஜினாமா செய்தபோது ஹிதாயத்துல்லா அந்தச் சட்டத்தின்படிதான் வந்தார். இதைச் சொன்னால் மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இனி அக்டோபர் 10. காங்க்லிங், பிளாட், பர்ன்சைடு வேடத்தில் இருந்த அதே மூன்று பேர் இப்போது மில்லர், லாபம், ஆல்ட்ரிச். பதவியேற்கக் காத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும். அவையில் குடியரசுக் கட்சி 15, மஹோனோடு 16. எதிர்ப்பக்கம் 18, தவிர டேவிஸ். ‘முதலில் எங்கள் மூவருக்கும் உறுதிமொழி’ என்கிறது ஒரு பக்கம். ‘உறுதிமொழி செய்துவைக்கத் தலைமையில் ஆள் வேண்டாமா? முதலில் தலைவரைத் தேர்ந்தெடுப்போம்’ என்கிறது மறுபக்கம். இரண்டு வாதத்திலும் நியாயம் உண்டு; இருபது நிமிடம் விட்டுவிடுங்கள், சண்டை போடட்டும். டேவிஸ் வாயே திறக்காவிட்டாலும் எண்ணிக்கை ஜனநாயகக் கட்சிக்குத்தான் சாதகம். டெலவேரின் தாமஸ் பேயார்ட் தற்காலிகத் தலைவரானார்.

மூன்று புதியவர்களும் பதவியேற்றதும் பழையபடி சமம். அக்டோபர் 13-ல் குடியரசுக் கட்சி தன் ஆளை நிறுத்தவில்லை, டேவிஸை நிறுத்தியது. 36-க்கு 34 என்று அவர் ஜெயித்தார். மூன்றே நாளில் பேயார்ட் இறங்க, 1883 மார்ச் வரை அவையை நடத்தியவர் எந்தக் கட்சியிலும் இல்லாத, லிங்கனின் பழைய நண்பர். உங்கள் அவையில் டேவிஸும் பேயார்டும் வாக்களிக்காமல், ஒரே ஒரு ‘ஜோடி’யும் இருந்தால் 18–16, அதே 2 வித்தியாசம் வரும்.

‘ஜோடி’ என்றால் என்ன என்று கேட்பார்கள். ஒரு செனட்டர் ஊரில் இல்லையென்றால் எதிர்க்கட்சியில் ஒருவர், நானும் வாக்களிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பார். இரண்டும் கழிந்துவிடும். இது விதி அல்ல, மரியாதை. நாலு ஜோடிச் சீட்டு அச்சடித்து, இரண்டு பேரின் கையெழுத்தும் வாங்கிச் செயலரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். சீட்டு இல்லாமல் வாய்வார்த்தையில் விட்டால், பெயர் அழைக்கும்போது ஒருவர் மறந்துபோய் ‘ஆம்’ என்றுவிடுவார், அடுத்த அரைமணி நேரம் தகராறில் போய்விடும். ஜோடியே இல்லாமல் எல்லோரும் எல்லாவற்றுக்கும் வாக்களித்தாலோ மார்ச் 18 முதல் 19–19 என்றே வரும்.

பதில்: அம்மாபேட்டை நூலகம்

சேலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாஷிங்டனில் இந்த அவை நடந்துகொண்டிருந்தபோது சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1861 சட்டத்தின்படி அத்தனையும் நியமனம். அதனால் ‘அப்போது நம் சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை’ என்று மாணவர் யாராவது கேட்டால் கேள்வியே பொருந்தாது. உள்ளாட்சி பற்றிய ரிப்பன் பிரபுவின் தீர்மானம் 1882 மே 18. அதே 1882-ல் சி.விஜயராகவாச்சாரியார் சேலம் நகரசபைக்குள் வந்தார். அந்த ஆண்டுக் கலவர வழக்கில் சிக்கி, பிறகு குற்றமற்றவர் என்று விடுபட்டார். 1895-ல் சென்னைச் சட்டமன்றத்துக்குப் போனார், 1920 நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். இங்கே ஒரு நகரசபை இடத்துக்கே இவ்வளவு பாடு என்கிற இடத்திலிருந்து தொடக்க உரையை ஆரம்பித்தால், அங்கே ஒரு செனட் நாற்காலி காலியாக இருப்பதன் கனம் புரியும்.

பதில்: செவ்வாய்பேட்டை தமிழ்மணி

போட்டித் தேர்வு எழுதும் மாணவர்கள் குழுவில் இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்பீல்டைச் சுட்ட சார்லஸ் கிட்டோ, கட்சிக்கு உழைத்ததற்கு அரசு வேலை கேட்டு அலைந்து கிடைக்காதவன். அந்தச் சாவுக்குப் பிறகு, கட்சிக்காரருக்கே வேலை என்ற வழக்கத்தின் மீது நாடே வெறுப்படைந்தது. பென்டில்டன் சட்டம் செனட்டில் 38–5 என்று நிறைவேறி, 1883 ஜனவரி 16-ல் கையெழுத்தானது. ஒரு செயலர் பதவிக்கே முட்டிக்கொண்ட அவையில் 38–5. கொண்டுவந்த பென்டில்டன் ஒஹாயோவின் ஜனநாயகக் கட்சிக்காரர், கையெழுத்துப் போட்டவர் காங்க்லிங் வளர்த்த ஆர்தர். சட்டம் முதலில் தொட்டது மத்திய அரசு வேலைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றை மட்டுமே. இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு 1855-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் இந்தச் சீர்திருத்தத்துக்கு உழைத்த டார்மன் ஈட்டன் பிரிட்டிஷ் முறையை ஆராய்ந்து எழுதியவர்.

இன்னொன்றை விட்டுவிடக்கூடாது. 1882 மே 6-ல் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த சட்டமும் இதே காங்கிரஸின் வேலைதான். முதல் மசோதா 20 வருடத் தடை. ஆர்தர் ஏப்ரல் 4-ல் திருப்பி அனுப்பினார். 10 வருடமாகக் குறைத்ததும் கையெழுத்துப் போட்டார். மசாசூசெட்ஸின் ஜார்ஜ் ஹோர் கடைசி வரை எதிர்த்தார். அந்தத் தடை 1943 வரை நீங்கவில்லை. பூங்கொத்தையும் உறையையும் காட்டிவிட்டு இதை மறைத்தால் மாணவர்களுக்கு அரைகுறைச் சித்திரம்தான் போய்ச்சேரும். தனி அமர்வு வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் ஒட்டும் சுவர்த்தாளில் ஒரு முழுப் பக்கம் இதற்குக் கொடுங்கள்.

குகை வாசகன்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். 10.45-க்கு முதல் அமர்வு, 11.50-க்கு இழுபறி, 1 மணிக்குச் சாப்பாடு, 1.45-க்குப் பின்னணி, 2 மணிக்கு அக்டோபர், 3 மணிக்கு டேவிஸ் தேர்தல். அலுவலர் தேர்தல் கடைசி வரை நடக்கவில்லை என்றால், பர்ச் செயலராகவே தொடர்ந்தாரா?

பதில்: சேர்வராயன் மலை

இல்லை. பர்ச் ஜூலை 28-ல் இறந்துவிட்டார். தலைமை எழுத்தர் பிரான்சிஸ் ஷோபர் பொறுப்புச் செயலராக 1883 வரை ஓட்டினார். புதிய செயலரைத் தேர்ந்தெடுக்க அவையால் முடியவே இல்லை. உங்கள் செயலர் மாணவருக்குச் சாப்பாட்டு இடைவேளையில் சட்டையில் குத்தும் பெயரட்டையை மாற்றிவிடுங்கள். பிரைட் மட்டும் சபைக் காவலராக அப்படியே நிற்கட்டும். 3 மணி வாக்கெடுப்பை 2.50-க்கு முன்னால் தள்ளுங்கள். அகர வரிசையில் பெயர் அழைத்து, ஜோடிச் சீட்டைச் சரிபார்த்து, முடிவை அறிவிக்க 6 நிமிடம் ஆகும், அதன் பிறகு 42 பேரையும் பஸ்ஸில் ஏற்ற வேண்டும்.